மாலத்தீவின் ரோந்துக் கப்பல்கள்: எண்ணிக்கை கூடுகிறது, காவல் கூடுகிறதா?

முத்துநகர் எழுதியது:

மாலத்தீவின் கடலோரக் காவல் படையைப் பற்றி இங்கே தனியாக ஓர் இழை இல்லை. இந்தியா, சீனா என்று நாம் மல்லுக்கட்டும்போது ஓரமாகத் தலைகாட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் நானே தொடங்குகிறேன்.

1980 ஜனவரி 1 அன்று தொடங்கப்பட்ட படை இது. நாட்டில் 1,192 தீவுகள். அத்தனையையும் கூட்டினாலும் நிலம் சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். கடலோ ஏறத்தாழ 9 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல் ஏழு மடங்கு. மக்கள் 5 லட்சத்துச் சொச்சம். இவ்வளவு கடலை நெடுங்காலம் சிறு படகுகளை வைத்துக்கொண்டுதான் காத்து வந்தார்கள். 2006 ஏப்ரலில் இந்தியா 46 மீட்டர் நீளமுள்ள ஹுரவீயைக் கொடுத்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த பிரணாப் முகர்ஜி தலைநகர் மாலேவுக்கே போய் ஒப்படைத்தார். 2019 டிசம்பரில் காமியாப் என்ற விரைவு இடைமறிப்புப் படகு வந்தது. 2023 மே மாதம் ராஜ்நாத் சிங் போய், பழைய ஹுரவீக்குப் பதிலாக இன்னொரு ஹுரவீயையும் ஒரு தரையிறங்கு படகையும் கொடுத்துவிட்டு வந்தார். 2024 மார்ச்சில் துருக்கி டிரோன்கள் வந்தன. 2025-ல் அதே துருக்கி தன் வோல்கன் கப்பலைத் தூக்கிக் கொடுக்க, அது தருமவந்தா என்று பெயர் மாறியது.

பட்டியலை மட்டும் படித்தால் நல்ல வளர்ச்சிதான். ஆனால் இதில் வரும் கப்பல்கள் எல்லாம் பிறர் கொடுத்தவை. அன்பளிப்பாக வந்து சேர்ந்த கப்பல்களை ஒரு நாட்டின் படைவளர்ச்சி என்று சொல்லலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது ஐயா. கொடுக்கிறவன் கொடுக்கிறான், வாங்குகிறவன் வாங்குகிறான். நமக்கென்ன?

நங்கூரம் எழுதியது:

மாட்டுக்கு அது சரி. கப்பலுக்குப் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தருமவந்தாவை எடுத்துக்கொள்வோம். துருக்கியின் தோவான் வகுப்பு ஏவுகணைப் படகு. ஜெர்மனியின் லூர்சன் நிறுவனம் வரைந்த வடிவம். 58 மீட்டர் நீளம், நான்கு பெரிய டீசல் எஞ்சின்கள், முன்தளத்தில் 76 மில்லிமீட்டர் பீரங்கி. ஈஜியன் கடலில் சட்டென்று பாய்ந்து, ஏவுகணையை விட்டு, சட்டென்று துறைமுகம் திரும்புவதற்காகக் கட்டியது. 1980-ஐ ஒட்டிப் பணிக்கு வந்த கப்பல். மாலத்தீவுக் கடலோரக் காவல் படைக்கு என்ன வயதோ, ஏறக்குறைய அதே வயது இந்தக் கப்பலுக்கும்.

ரோந்து என்பது வேறு வேலை. பத்து, பன்னிரண்டு நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் நாள் கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். பாய்வதற்குக் கட்டிய அதிவேக எஞ்சினைக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓட்டினால் எரியாத எண்ணெயும் கரியும் உள்ளே படியும். டர்போ சார்ஜர் அடைக்கும், புகைபோக்கியில் கருப்பாக ஒழுகும். சரி, வேகமாகவே ஓட்டலாமே என்றால், வேகம் இரட்டிக்கும்போது தேவைப்படும் குதிரைத்திறன் கிட்டத்தட்ட எட்டு மடங்காகிவிடும். எரிபொருள் அத்தனையையும் இறக்குமதி செய்கிற நாடு அது. ஒவ்வொரு துரத்தலும் கஜானாவைக் கேட்டுத்தான் நடக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எங்கள் தொழிலில் பொதுவாகச் சொல்வது இது: மூன்று கப்பல் இருந்தால் ஒன்று கடலில், ஒன்று தயாராகிக்கொண்டு, ஒன்று பட்டறையில். வடகோடியிலிருந்து தென்கோடி வரை அந்த நாடு 860 கிலோமீட்டர் நீளம். 15 நாட் வேகத்தில் இடைவிடாமல் ஓடினாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 31 மணி நேரம். ஆக, பெரிய கப்பல் இரண்டு இருக்கிறது என்றால், எந்த ஒரு நாளிலும் கடலில் ஒன்று நிற்கிறது என்று எண்ணுவதே தாராளம்தான்.

முத்துநகர் எழுதியது:

நன்றி ஐயா. எனக்கு வேண்டியது இதுதான். 2024 அக்டோபரில் மாலத்தீவு அதிபர் முய்சு டெல்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கையில், ஹுரவீயை இந்தியா கட்டணமில்லாமல் பழுதுபார்த்துத் தரும் என்று ஒரு வரி இருந்தது. கப்பல் கைமாறியது 2023 மே. ஒன்றரை ஆண்டுக்குள் பட்டறைக்குப் போவது இயல்பா?

நங்கூரம் எழுதியது:

கைமாறிய தேதியிலிருந்து எண்ணக் கூடாது தம்பி. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, அடிப்பகுதி தண்ணீரை விட்டு வெளியே வந்து எத்தனை நாளாயிற்று என்பதுதான் கணக்கு. வெப்பமண்டலக் கடலில் கொட்டலசும் பாசியும் பிடிக்கிற வேகம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. சுக்கானைச் சுற்றி வைத்திருக்கும் துத்தநாகக் கட்டிகளை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். செங்கல் போல் கனமாக வைத்தது, எலி கரம்பியது போல் எலும்பாகி நிற்கும். அது கரையாவிட்டால் கப்பலின் தகடு கரையும். மாற்ற வேண்டும் என்றால் கப்பலை மேலே ஏற்ற வேண்டும்; ஏற்ற டிரை டாக் (உலர்துறை) வேண்டும். அந்த அளவுப் போர்க்கப்பலை ஏற்றி முழுமையாகப் பிரித்துப் பார்க்கிற வசதி அங்கே இல்லாதபோது வேறு நாட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். போய்வரும் நாளும் பட்டறையில் நிற்கும் நாளும் காவல் நாட்களிலிருந்து கழிந்துவிடும்.

சேதுக்கரை எழுதியது:

நண்பர்கள் இந்தியாவின் பங்கைக் கப்பலோடு நிறுத்திவிடுகிறீர்கள். 2022 மார்ச்சில் ஜெய்சங்கர் தொடங்கிவைத்த கடலோர ராடார் அமைப்பு, மொத்தம் 10 நிலையங்கள். 2010-லிருந்து துருவ் ஹெலிகாப்டர், 2020-லிருந்து ஹனிமாதூ தீவில் டோர்னியர் விமானம். 2021 பிப்ரவரியில் பாதுகாப்புத் தேவைகளுக்கென 5 கோடி டாலர் கடனுதவி. இவ்வளவும் செய்த பிறகு ‘இந்தியாவே வெளியேறு’ என்று கோஷம் போட்டார்கள். 2024 மே 10-க்குள் நம் வீரர்கள் கிளம்ப வேண்டும் என்றார்கள். அவர்கள் இடத்தில் இப்போது இந்தியத் தொழில்நுட்பர்கள் இருந்து அதே ஹெலிகாப்டரை ஓட்டுகிறார்கள். நன்றியில்லாத்தனம் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

வழிப்போக்கன் எழுதியது:

சேதுக்கரை அவர்களே, நன்றி என்பது இரண்டு வீடுகளுக்கு இடையே செல்லும். நாடுகளுக்கு இடையே அந்தக் கணக்குக் கிடையாது. சும்மா கொடுக்க இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் நடத்தவில்லை. லட்சத்தீவுக்கும் மாலத்தீவுக்கும் நடுவிலுள்ள எட்டு டிகிரிக் கால்வாய்க்குத் தெற்கே, வளைகுடாவிலிருந்து கிழக்கே போகும் எண்ணெய்க் கப்பல்களின் தடத்தை ஒட்டி, தனக்கு வேண்டிய கண்ணும் காதும் இருக்க வேண்டும் என்றுதான் கொடுத்தது. அதில் தவறில்லை. வாங்கியவர்களும் அதைத் தெரிந்துதான் வாங்கினார்கள்.

நீங்கள் விட்டுவிட்ட ஒரு சம்பவம்: 2024 ஜனவரி 31. தங்கள் கடற்பரப்பில் மீன்பிடித்துக்கொண்டிருந்த மாலத்தீவுப் படகுகள் மூன்றில் இந்தியக் கடலோரக் காவல் படையினர் ஏறிவிட்டார்கள் என்று அந்த நாட்டு அரசு டெல்லியிடம் விளக்கம் கேட்டது. கப்பல் கொடுத்த நாட்டின் மீதே புகார். அந்தக் கோணத்தில் பாருங்கள். ரோந்துக் கப்பல், ராடார், பழுதுபார்க்கும் பட்டறை, ஹெலிகாப்டர் ஓட்டி எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தால், அந்த இடத்தோடு உரசல் வரும் நாளில் கையில் என்ன மிஞ்சும்? துருக்கியிடம் போனதற்கு அரசியல் வெறுப்பு ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். டிரோன்களுக்கு 3.7 கோடி டாலர் என்று அந்நாட்டு ஊடகங்கள் எழுதின. அன்பளிப்பு அல்ல, விலைக்கு வாங்கியது.

கொழும்பான் எழுதியது:

இந்தக் கதையை 2006-இல் தொடங்க முடியாது. எங்கள் பக்கத்திலிருந்து போன வினையும் இதிலே இருக்கிறது.

1988 நவம்பர் 3, விடியற்காலை. இலங்கையிலிருந்து கடத்திச் சென்ற மீன்பிடிக் கலங்களில் புளொட் என்ற இலங்கைத் தமிழ் ஆயுத இயக்கத்தைச் சேர்ந்த 80 பேர் அளவில் மாலேயில் இறங்கினார்கள். அழைத்துப் போனவர் அப்துல்லா லுத்துபி என்ற மாலைதீவுக்காரர். ஜனாதிபதி கயூமின் அரசைக் கவிழ்ப்பது நோக்கம். தேசியப் பாதுகாப்புச் சேவையின் தலைமையகம் விழாமல் தாக்குப்பிடித்தது. அன்றிரவே ஆக்ராவிலிருந்து இந்தியப் பரசூட் படை ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கியது. கூலிப்படையினர் பணயக் கைதிகளோடு புரோகிரஸ் லைட் என்ற சரக்குக் கப்பலில் தப்பி இலங்கையை நோக்கி ஓட, இந்தியக் கடற்படையின் கோதாவரியும் பேத்வாவும் துரத்திப் பிடித்தன. இந்தியர்கள் இதை ஆபரேஷன் காக்டஸ் என்று பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும், தகுதியான பெருமைதான். ஆனால் மாலைதீவார் அதில் கண்ட பாடம் வேறு. இரண்டு மீன்பிடிக் கலம் தலைநகரத்தின் வாசலுக்கு வருகிறவரை யார் கண்ணிலும் படவில்லை. கப்பல் தப்பி ஓடுகிறபோது பின்னால் போகத் தங்களிடம் ஒன்றுமே இல்லை. நவம்பர் 3 இன்றும் அங்கே வெற்றி நாள்.

அதன் பிறகு எங்கள் கொழும்பு டொக்யார்டில் கட்டிய ரோந்துப் படகுகளும் அங்கே போயின. எல்லாமே இனாம் என்று முத்துநகர் நினைக்க வேண்டாம். அந்த டொக்யார்டையே 2025-இல் மும்பை மசகான் டொக் நிறுவனம் வாங்க முன்வந்தது தனிக்கதை.

முத்துநகர் எழுதியது:

கொழும்பான் அண்ணா, அருமை. சேதுக்கரைக்கு ஒரு கேள்வி: பழைய ஹுரவீ என்ன ஆயிற்று? அதுதான் ஐஎன்எஸ் தர்முக்லி என்று ஓரிடத்திலும், தர்முக்லி செஷல்ஸுக்குப் போனது என்று இன்னோரிடத்திலும் படித்தேன். தலை சுற்றுகிறது.

சேதுக்கரை எழுதியது:

இரண்டும் உண்மை. தர்முக்லி என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இருந்தது. முதல் தர்முக்லியை 2005-ல் செஷல்ஸுக்குக் கொடுத்தோம், அங்கே டோபாஸ் ஆனது. பழைய ஹுரவீ அதே டிரிங்கட் வகுப்பைச் சேர்ந்த இன்னொரு கப்பல். 2001-ல் ஐஎன்எஸ் தில்லன்சாங் என்ற பெயரில் பணிக்கு வந்தது. 2006-ல் மாலத்தீவு போய், 2023 மே மாதம் திரும்பி வந்து, விசாகப்பட்டினத்தில் செப்பனிடப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் தர்முக்லி என்ற பெயரோடு மறுபடி நம் கடற்படையில் சேர்ந்தது. இரண்டு நாடுகள், மூன்று பெயர்கள்.

நங்கூரம் எழுதியது:

இதில் ஒரு சேதி ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா? மாலத்தீவில் 17 ஆண்டு ஓடிய கப்பல் திரும்பி வந்து, செப்பனிட்ட பிறகு போர்க்கப்பலாக மறுபடி கொடியேற்றிக்கொள்கிறது. அப்படியென்றால் தகடும் சட்டமும் கெடவில்லை. அந்த மாலுமிகள் கப்பலைக் கைவிட்டு வைத்திருக்கவில்லை. அன்றாடப் பராமரிப்பு தெரிந்தவர்கள்தான் அவர்கள். இல்லாதது பெரிய பட்டறை.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

இவ்வளவு கப்பல் எதற்கு என்பதே எனக்குப் புரியவில்லை. சுற்றுலாவில் பிழைக்கிற நாடு. யார் படையெடுத்து வரப்போகிறார்கள்?

பவளக்கரை எழுதியது:

ஏட்டுச்சுரைக்காய் அவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன். வடக்கே ஓர் அட்டோலில் (பவளத் தீவுக்கூட்டத்தில்) ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். எங்களூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் நிறையப் பேர் அந்த நாட்டில் வேலை பார்த்திருக்கிறார்கள், புதுமை ஒன்றும் இல்லை.

அங்கே கடலோரக் காவல் படை என்றால் யாருக்கும் பீரங்கி நினைவுக்கு வராது. 191 என்ற எண்தான் நினைவுக்கு வரும். மீன்பிடிக்கப் போன தோணி நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால் அந்த எண். சுகாதார மையத்தில் கைவிரித்துவிட்டால் அந்த எண். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் பவளத்திட்டு உடைகிற வாயில் அலை சுவர் மாதிரி எழும்பும். ஸ்பீடு போட்காரர்கள் எவ்வளவு காசு கொடுத்தாலும் வர மாட்டார்கள். ஒருமுறை பிரசவ வலியில் இருந்த பெண்ணை மெத்தையோடு தூக்கிவந்து ஜெட்டியில் (படகுத் துறையில்) வைத்துக் காத்திருந்தார்கள். மழைக்குத் தார்ப்பாயை நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாம்பல் நிறப் படகு உள்ளே வந்ததும் பையன்கள் இரண்டு பேர் கயிற்றோடு குதித்தார்கள். வயது இருபதுகூட இருக்காது. படகு அலையில் ஏறி இறங்குகிறது. மெத்தை ஜெட்டி விளிம்பில் இருக்கிறது. எந்த அலைக்குத் தூக்குவது என்று அந்தப் பையன்களில் ஒருவன் கையை உயர்த்தியபடி எண்ணிக்கொண்டே இருந்தான். மூன்று அலையை விட்டான். நான்காவதற்குத் தூக்கச் சொன்னான். அந்தப் பெண்ணும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள்.

கப்பலின் நீளத்தையும் வேகத்தையும் நீங்கள் பேசுங்கள். எந்த அட்டோலில் இரவு நேரத்தில் ஒரு படகு தயாராக நிற்கிறது, அதற்கு டீசல் இருக்கிறதா என்பதுதான் அங்குள்ளவர்கள் பேசுவது.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

அக்கா, இதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் இந்த வேலைக்கு ஏவுகணைப் படகு எதற்கு என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

தூத்தூரான் எழுதியது:

அதற்கு எங்களைக் கேளுங்கள், நாங்கள்தான் பிடிபடுகிறவர்கள்.

எங்கள் கடற்கரையில் நாள் கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் தொழில்தான். சூரைக்கும் சுறாவுக்கும் லட்சத்தீவின் மினிக்காயைத் தாண்டிப் போவோம். மினிக்காய்க்கும் மாலத்தீவின் வடகோடிக்கும் நடுவே எட்டு டிகிரிக் கால்வாய் சுமார் 125 கிலோமீட்டர். இந்தியாவும் மாலத்தீவும் 1976-லேயே ஒப்பந்தம் போட்டு எல்லைக் கோட்டைப் பிரித்துவிட்டன. கோடு வரைபடத்தில் இருக்கிறது. சூரைக்கூட்டம் வரைபடம் பார்த்து நீந்துவதில்லை, நீரோட்டமும் அப்படித்தான். தூண்டில் கயிறு பல மைலுக்கு நீண்டு கிடக்கும்போது அதை விட்டுவிட்டு ஓட எந்த ஸ்ராங்குக்கும் (படகுத் தலைவருக்கும்) மனசு வராது.

2023 அக்டோபரில் தூத்துக்குடி தருவைகுளத்துப் படகு ஒன்றை 12 பேரோடு பிடித்தார்கள். முத்துநகருக்கு நன்றாக நினைவிருக்கும். ஆட்கள் ஊர் திரும்பினார்கள். படகுக்கு 42 லட்சம் மாலத்தீவு ருஃபியா அபராதம். நம் பணத்தில் 2 கோடிக்கு மேல். படகை விற்றாலும் அது தேறாது. பழைய காலத்தில் அவர்களிடம் வெகுதூரம் வரும் கப்பல் கிடையாது, பார்த்தாலும் பிடிக்க முடியாது. இப்போது ராடார் பார்க்கிறது, டிரோன் படம் பிடிக்கிறது, கப்பல் வந்து நிற்கிறது. கப்பல்களால் காவல் கூடியதா என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். எங்களைப் பொறுத்தவரை கூடியிருக்கிறது.

முத்துநகர் எழுதியது:

தருவைகுளம் நினைவிருக்கிறது அண்ணா. அந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடு எனக்கு நேரில் தெரியும். அந்த ஆட்களைச் சிறையில் போடாமல் அனுப்பியது எப்படி? இலங்கையில் பிடித்தால் மாதக்கணக்கில் உள்ளே இருக்கிறார்களே?

கொழும்பான் எழுதியது:

இரண்டும் வேறு வேறு கடல். ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவைப் பாருங்கள். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நீளும் பொருளாதார வலயத்தில் மீன்பிடிச் சட்டத்தை மீறியதற்குப் பிணை வாங்கிக்கொண்டு கலத்தையும் ஆட்களையும் விரைவாக விட வேண்டும். நாடுகளுக்குள் தனி உடன்பாடு இல்லையென்றால் சிறைத்தண்டனை கூடாது. பாக்கு நீரிணையில் நடப்பது பொருளாதார வலயமே அல்ல. அங்கே இரண்டு கரைக்கும் நடுவில் அவ்வளவு அகலம் கிடையாது, கோட்டைத் தாண்டினால் நேரே எங்கள் உள்கடலும் கரையை ஒட்டிய ஆள்புலக் கடலும்தான். அங்கே உள்நாட்டுச் சட்டம் முழுதாகச் செல்லும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இந்திய ரோலர்களால் (இழுவைப் படகுகளால்) வலை இழந்தவர்களின் கதையும் இருக்கிறது. அதைத் தொடங்கினால் இந்த இழை மாலைதீவுக்குத் திரும்பாது, விட்டுவிடுகிறேன்.

எங்கள் பல நாள் கலங்களும் மாலைதீவில் பிடிபடுவது உண்டு என்பதையும் சொல்லிவைக்கிறேன். தூத்தூர் அண்ணர் தனியாள் இல்லை.

வழிப்போக்கன் எழுதியது:

தூத்தூரான் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. மாலத்தீவு மீனவர் ஒற்றைத் தூண்டிலால் ஒவ்வொரு சூரையாகத் தூக்குகிறவர். வலையில்லாத அந்த முறைக்காகவே 2012-ல் அவர்கள் சூரைக்குச் சர்வதேசச் சான்று கிடைத்தது, ஐரோப்பியச் சந்தையில் விலையும் கிடைத்தது. நம் வீட்டு மாசித்துண்டும் அதே மீன்தான். வெளியார் படகு உள்ளே வந்து அள்ளினால் அடிபடுவது அந்த வருமானம். ஆகவே தொலைவில் போய் நிற்கிற கப்பல் அவர்களுக்கு ஆடம்பரம் இல்லை.

தெற்கே கடலின் கணக்கும் மாறியிருக்கிறது. சாகோஸ் தீவுகள் பக்கம் மொரீஷியஸோடு இருந்த எல்லை வழக்கில் ஹம்பர்க் கடற்சட்டத் தீர்ப்பாயம் 2023 ஏப்ரல் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. இரண்டு பக்கமும் உரிமை கோரிய பரப்பில் மாலத்தீவுக்கு 47,232 சதுர கிலோமீட்டர், மொரீஷியஸுக்கு 45,331. உள்நாட்டில் அதை வைத்துப் பெரிய அரசியலே நடந்தது. அந்த 47,000 சதுர கிலோமீட்டரையும் யாராவது போய்ப் பார்க்க வேண்டுமே. மாலேயிலிருந்து அவ்வளவு தெற்கே போய், சில நாள் நின்று, திரும்பி வரச் சிறு படகால் ஆகாது.

சேதுக்கரை எழுதியது:

சிறிய நாடு, கொடுத்த கப்பல், உருப்படியான வேலை என்பதற்குச் செஷல்ஸைப் பாருங்கள். முன்னே சொன்ன அதே டோபாஸ். 2010 மார்ச் 30 அன்று சோமாலியக் கொள்ளையர் பிடித்துவைத்திருந்த ஈரானியப் படகை மறித்து, ஈரானியர் 21 பேரையும் செஷல்ஸ்காரர் 6 பேரையும் மீட்டது. ஒரு லட்சம் மக்கள்கூட இல்லாத நாடு அப்போது. கையில் வலுவான கப்பல் ஒன்று இருந்தது, ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், நடந்தது.

நங்கூரம் எழுதியது:

அதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பசிபிக் தீவு நாடுகளுக்கு ஆஸ்திரேலியா கொடுக்கும் திட்டம்தான் இந்த வகையில் உலகத்திலேயே பெரியது. 1987 முதல் 1997 வரை 12 நாடுகளுக்கு 22 படகுகள். பிறகு 2018-லிருந்து அவற்றுக்குப் பதிலாக 39.5 மீட்டர் கார்டியன் வகுப்பு. புத்தம் புதிய கப்பல்கள், பயிற்சியோடும் ஆலோசகர்களோடும் கொடுத்தவை. அப்படியும் சமோவாவின் நஃபனுவா 2021-ல் தரைதட்டி, உதவாமலேயே போயிற்று. ஃபிஜியின் புவாமாவ் 2024-ல் முதல் ரோந்திலேயே பவளத்திட்டில் ஏறி நின்றது. 2022-ல் அந்த வகுப்புக் கப்பல்களில் புகைக்குழாய் இணைப்பில் விரிசல், உள்ளே நச்சுவாயு கசியலாம் என்று கொடுத்தவர்களே எச்சரிக்கை விட்டார்கள்.

ஆனால் அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பன்னிரண்டு நாட்டுக்கும் ஒரே வகைக் கப்பல். ஒரே எஞ்சின், ஒரே உதிரிபாகம், ஒரே பயிற்சிப் புத்தகம். டோங்காவில் கற்றவன் துவாலுவில் போய்க் கழற்றலாம். மாலத்தீவில் நிலைமை தலைகீழ். கல்கத்தாவில் கட்டியது ஒன்று, கொழும்பில் கட்டியது சில, இஸ்தான்புல்லிலிருந்து வந்தது ஒன்று. உதிரிபாக அலமாரியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வடிகட்டி, தனி கேஸ்கட், தனிக் கையேடு. தருமவந்தாவின் வால்வு ஒன்று போனால் இன்னொரு கப்பலிலிருந்து கழற்றி மாட்டவும் முடியாது. நான்கு பேரிடம் நட்பு வைத்துக்கொள்வது அரசியலுக்கு நல்லது என்று வழிப்போக்கன் சொல்வார். எஞ்சின் அறையில் நிற்கிறவனுக்கு அது நாலு மடங்கு வேலை.

வழிப்போக்கன் எழுதியது:

சொல்லத்தான் போகிறேன்! ஒரே கடையில் வாங்கினால் பாகம் எளிதில் கிடைக்கும். கடைக்காரன் கோபித்துக்கொண்டால் ஒரு பாகமும் கிடைக்காது. இரண்டில் எந்தத் தலைவலி வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

முத்துநகர் எழுதியது:

இனாம் கப்பலை வளர்ச்சி என்று சொல்லலாமா என்று தொடங்கினேன். கப்பலை யார் கொடுத்தார்கள் என்பதைவிட எங்கே பழுதுபார்க்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும் போலிருக்கிறது. உத்துரு திலா ஃபல்ஹு துறைமுகம் அதற்குத்தானே? மாலேவுக்கு அருகில் கடலோரக் காவல் படைக்கென்றே துறைமுகமும் டாக்யார்டும். 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம், 2023 மே மாதம் அடிக்கல், ஏகதா துறைமுகம் என்று பெயர். இந்தியா நிரந்தரமாகத் தங்கிவிடும் என்று அதற்கு எதிராகத்தான் அங்கே பெரிய கூச்சல் எழுந்தது. ஆனால் ஆட்சி மாறிய பிறகும் 2024 அக்டோபர் கூட்டறிக்கையில் அதைக் குறித்த காலத்தில் முடிப்போம் என்று முய்சு அரசே கையெழுத்துப் போட்டது.

சேதுக்கரை எழுதியது:

கூச்சல் போட்டவர்களே முடித்துக்கொடு என்று கேட்கிறார்கள் பாருங்கள்!

நங்கூரம் எழுதியது:

கேட்கத்தானே செய்வார்கள். அந்த ஒன்று மட்டும் ஒழுங்காக முடிந்தால், கைக்கு வந்த எல்லாக் கப்பலுக்கும் ஆயுள் நீளும். துருக்கிக் கப்பலுக்கும் சேர்த்துத்தான். நான் பார்க்க விரும்புவது மூன்றே விஷயம். எத்தனை டன் கப்பலை ஏற்றும் மேடை போடுகிறார்கள். எரிபொருள் ஊசி, பம்பு, கியர்பெட்டி பிரிக்கிற கூடம் உள்ளேயே இருக்கிறதா. அதில் வேலை செய்யப் போகும் ஐம்பது அறுபது மாலத்தீவுப் பையன்கள் இப்போது எங்காவது பயிற்சியில் இருக்கிறார்களா. மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டும் வெளிநாட்டு ஒப்பந்தக்காரன் கையில் போய்விடும். பவளக்கரை அம்மா சொன்ன, அலையை எண்ணிய பையன் மாதிரி ஆட்கள் கிடைக்கிற நாடு அது. ஆள் பஞ்சம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

டிரோன் இருக்கும்போது கப்பல் எதற்கு? ஒரு நாள் முழுக்க வானத்தில் சுற்றுமாமே.

நங்கூரம் எழுதியது:

சுற்றும், பார்க்கும். படகில் ஏறி மீன்பெட்டியைத் திறந்து பார்க்காது. ஜெட்டியிலிருந்து மெத்தையையும் தூக்காது. எங்கே போக வேண்டும் என்று கப்பலுக்குச் சொல்லும். தேடி அலையும் டீசல் மிச்சமாகும். அந்த வகையில் நல்ல வாங்கல் என்றே சொல்வேன்.

தூத்தூரான் எழுதியது:

மேலே பறப்பது எங்களுக்குத் தெரிவதே இல்லை, சத்தமும் கேட்காது. இப்போது நம் படகுகளில் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்கள். எல்லை நெருங்கினால் எச்சரிக்கை வரும் என்கிறார்கள், நல்லதுதான். எச்சரிக்கை வந்த நேரத்தில் தூண்டில் கயிறு கடலில் கிடந்தால் அதை ஏற்றி முடிக்க எங்களுக்கு நாலைந்து மணி நேரம் ஆகும். அந்த நேரத்தை இரண்டு அரசுகளும் பேசி வாங்கித் தந்தால், அவர்கள் எத்தனை கப்பல் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும்.